வீடும் விஞ்ஞானமும்: ஒரே இலக்கம், பல வீடுகள்

மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கிப் பஞ்சிகாவத்தைப் பக்கமாக நடந்து செல்வோர், வீதியோரக் கட்டடங்களுக்கிடையே ஒடுங்கிய ஒழுங்கைகள் பல உள்ளே செல்வதைக் கண்டிருப்பார்கள். இருவர் எதிரெதிராக வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்கி நிற்கவேண்டும். அத்தகைய ஓர் ஒழுங்கைக்குள்ளே பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருக்கும். ஆனால் அவ்வீடுகள் அனைத்துக்கும் வீதி இலக்கம் ஒன்றுதான். அந்த இலக்கத்தை எழுதி, பக்கத்தில் ஒரு சாய்வுக்கோடு இட்டு, 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போவார்கள். வெளியூரிலிருந்து கடிதம் எழுதுபவர் சாய்வுக்கோட்டை மறந்துவிட்டால், தபாற்காரர் அக்கடிதத்தை ஒழுங்கை முகப்பிலுள்ள தேநீர்க் கடையிலே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எக்கடிதம் எவருக்குரியது என்பதைக் கடைக்காரர் அறிவார்.

இந்தத் தேநீர்க் கடைக்காரரை வாசகர்கள் சற்று நேரம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நாம் பேசப்போகும் விஷயத்துக்கு அவரே திறவுகோல்.

எங்கள் வீடும் அத்தகைய ஓர் ஒழுங்கையில் உள்ளதுதான். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தொற்றுநோயின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாகக் கற்கவேண்டி வந்ததல்லவா? அப்போதுதான் எங்கள் வீட்டிலும் இணைய இணைப்பு எடுத்தோம். அடுத்த வீட்டில் வசிப்பவர் ஒரு தையற்காரர், முஸ்லிம் அன்பர். அவருடைய மகள் அப்போது ஏழாம் வகுப்பு மாணவி. அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதற்கு நாள்தோறும் பணம் கட்டி இணையம் பெறுவது அவர்களுக்கு இயலாத காரியம். ஒருநாள் அச்சிறுமி எங்கள் வாசற்படியில் வந்து நின்று, “மாமி, உங்கட வைபை கொஞ்சம் தருவீங்களா? மிஸ் பாடம் அனுப்பியிருக்கா,” என்றாள். என் மனைவி உடனே கடவுச்சொல்லை ஒரு கடதாசியில் எழிக் கொடுத்துவிட்டாள். எங்கள் மகளின் பெயரும் அவள் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அக்கடவுச்சொல். கொடுத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே.

ஆண்டுகள் சென்றன. அச்சிறுமி இப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சில வாரங்களுக்கு முன்னர் இரண்டு விந்தைகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. முதலாவது, மாதம் முழுமைக்கும் போதுமென்று நாங்கள் வாங்கிய இணைய அளவு ஒன்பதாம் நாளிலேயே தீர்ந்துவிட்டது. வீட்டிலிருந்தபடி அலுவலகப் பணி செய்யும் என் மகள், முக்கியமான ஒரு கூட்டத்தின் நடுவிலே துண்டிக்கப்பட்டு, கண்கலங்கி நின்றாள். இரண்டாவது, மறுநாள் மாலை எவரும் தொடாமலே எங்கள் அச்சுப்பொறி உயிர்பெற்று ஒரு தாளை வெளியே தள்ளிற்று. எடுத்துப் பார்த்தால், இரசாயனவியல் வினாத்தாள்! எங்கள் வீட்டில் இரசாயனவியல் கற்போர் எவருமிலர்.

தொழில்நுட்பக் கல்லூரியில் பயிலும் என் தமக்கையின் மகனை வரவழைத்தேன். அவன் தன் மடிக்கணினியைத் திறந்து, எங்கள் ரவுட்டரின் உள்ளே புகுந்து பார்த்துவிட்டு, “மாமா, உங்கடை இணைப்பிலை எத்தனை சாதனம் இருக்குதெண்டு நினைக்கிறியள்?” என்று கேட்டான். நான் விரல்விட்டு எண்ணினேன். கைத்தொலைபேசி மூன்று, கணினி இரண்டு, அச்சுப்பொறி ஒன்று, ஆக ஆறு. அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். பதினேழு பெயர்கள் இருந்தன.

நடந்தது இதுதான். அடுத்த வீட்டுப் பிள்ளை தன் ஒன்றுவிட்ட சகோதரனுக்குக் கொடுத்தாள். அவன் தன் நண்பனுக்குக் கொடுத்தான். இக்காலத்துக் கைத்தொலைபேசிகளிலே கடவுச்சொல்லை வாயால் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. திரையில் கட்டங்கட்டமாக ஒரு சதுரக் குறி தோன்றும். மற்றவர் தம் தொலைபேசியை அதன்முன் பிடித்தாற் போதும், சாவி கைமாறிவிடும். இவ்வாறு எங்கள் வீட்டுச் சாவி ஒழுங்கை முழுவதும் பிரதி எடுக்கப்பட்டிருந்தது. இதில் எவருடைய உள்ளத்திலும் தீங்கு இருந்ததில்லை. ஆனால் என் மருமகன் அடுத்துக் காட்டியதைக் கண்டபோது எனக்கு மெய்யாகவே வியர்த்துவிட்டது.

எங்கள் பழைய கணினியில் ஒரு கோப்புறை இருந்தது. வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கட்டுமென்று, எப்போதோ அதைக் கடவுச்சொல் இன்றிப் பொதுவில் திறந்து வைத்திருந்தோம். வீட்டு உறுதியின் பிரதி, எங்கள் அடையாள அட்டைகளின் படங்கள், வெளிநாட்டிலுள்ள மகனின் கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அதற்குள்ளே இருந்தன. பதினேழு சாதனங்களில் எதிலிருந்தும் எவரும் அவற்றைத் திறந்து பார்த்திருக்கலாம்.

“உடனே கடவுச்சொல்லை மாற்று,” என்றேன். அப்போது உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“இஞ்சேருங்கோ, அதை மாத்தினால் நாளைக்கு அந்தப் பிள்ளை என்னண்டு படிக்கிறது? இன்னும் மூண்டு மாதத்திலை சோதனை.”

வாசகர்களே, இந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கொடுக்கவும் வேண்டும், வீட்டையும் காக்கவேண்டும். இரண்டும் ஏககாலத்தில் இயலுமா? இயலும். அதற்கு முதலில், ஓர் இணைப்பு எவ்வாறு பலருக்குப் பங்கிடப்படுகிறது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும்.

இணையத்திலே செல்லும் ஒவ்வொரு செய்திக்கும், கடிதத்தைப் போலவே, அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் உண்டு. அம்முகவரிகள் எண்களால் ஆனவை. இணையத்தை வகுத்தோர் முதலில் அமைத்த முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே இருந்தன. அக்காலத்தில் அது கடலளவு என்று தோன்றியிருக்கும். ஆனால் உலகெங்கும் கணினிகள் பெருகப் பெருக, அவை போதாவென்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி, உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் கண்டங்களுக்குப் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன.

இப்பஞ்சத்தைச் சமாளிக்க 1994ஆம் ஆண்டில் எகெவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் ஓர் உபாயத்தை எழுதி வெளியிட்டனர். அது நம் மருதானை ஒழுங்கையின் உபாயமேயாகும். வெளியுலகுக்கு வீடு முழுவதற்கும் ஒரே இலக்கம்; உள்ளே இருக்கும் சாதனங்களுக்கு சாய்வுக்கோட்டு இலக்கங்கள். உங்கள் கைத்தொலைபேசியின் இணைப்பு விவரங்களைத் திறந்து பார்த்தால் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணைப் பெரும்பாலும் காண்பீர்கள். அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இலட்சக்கணக்கான வீடுகளில் அதே எண் இருக்கும். எல்லா ஒழுங்கைகளிலும் மூன்றாம் வீடு இருப்பதுபோல என்று கொள்க.

இங்கேதான் நமது தேநீர்க் கடைக்காரர் வருகிறார். அவரே ரவுட்டர். மூன்றாம் வீட்டிலிருந்து ஒருவர் வெளியூருக்குக் கடிதம் எழுதினால், கடைக்காரர் அதில் வீதி இலக்கத்தை இட்டு அனுப்பிவிட்டு, இன்னாருக்கு இன்ன வீட்டார் எழுதினார் என்று தம் குறிப்பேட்டில் பதிந்துகொள்வார். பதில் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து உரிய வீட்டில் சேர்ப்பார். உள்ளிருந்து எவரும் எழுதாதிருக்க, வெளியிலிருந்து தானாக ஒரு கடிதம் வந்தாலோ, குறிப்பேட்டில் இடமில்லாமையால் அது எவரிடமும் சேராது. ஆகவே ரவுட்டர் என்பது, தன் வழக்கமான வேலையைச் செய்யும்போதே, வெளியாருக்கு ஓரளவு தடையாகவும் அமைகிறது. இதனுடன் பாதுகாப்பு அரண் ஒன்றும் அதற்குள்ளே உண்டு. முகவரிப் பஞ்சமில்லாத புதிய முறையும் இப்போது பரவி வருகிறது. அம்முறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உலகப் பொது முகவரி கிடைக்குமாதலால், இந்த அரண் இயங்கிக்கொண்டிருப்பது முன்னைவிட அவசியமாகிறது.

நிற்க. கடைக்காரர் காவல் செய்வது ஒழுங்கை வாசலில் மட்டுமே. உள்ளே ஒருவர் வந்துவிட்டால், எல்லா வீட்டுக் கதவுகளும் அவர் முன்னே உள்ளன. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். கடவுச்சொல் பெற்றவர் யாராயினும், இணையம் பெறுவதோடு நில்லாமல், எங்கள் அச்சுப்பொறியையும் கோப்புறையையும் காணும் நிலையை அடைந்துவிட்டார். நாம் இணையத்தைக் கொடுப்பதாக நினைத்தோம், வீட்டையே கொடுத்திருந்தோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒழுங்கையிலிருந்து எவர் கடிதம் எழுதினாலும் வெளியுலகு காண்பது அந்த ஒரே வீதி இலக்கத்தைத்தான். நம் இணைப்பின் வழியாக ஒருவர் பிறரை ஏசி எழுதினாலும், பிறர் கணினியினுள் அனுமதியின்றிப் புகுந்தாலும், விசாரணை முதலில் இணைப்புக்குப் பெயர் கொடுத்தவரின் வாசலுக்கே வரக்கூடும். அனுமதியின்றிப் பிறர் கணினியினுள் நுழைவது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி இந்நாட்டில் தண்டனைக்குரியது. நாம் செய்யவில்லை என்பதை நிரூபிக்கலாம். ஆனால் அதற்குள் எத்தனை அலைச்சல்!

முன்னொரு காலத்தில் இக்கவலை குடும்பத்தாருக்கு இருந்ததில்லை. இலங்கையில் 1995ஆம் ஆண்டில் வணிக முறையிலான இணைய சேவை தொடங்கியபோது, ஒரு கணினி தொலைபேசிக் கம்பி வழியே அழைத்து இணையும். அவ்வேளையில் வீட்டுத் தொலைபேசியில் வேறெவரும் பேச முடியாது. பங்கிட அங்கே ஒன்றுமில்லை. பின்னர் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘கொமினிகேஷன்’ கடைகள் தோன்றின. கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பிள்ளைகளோடு பேசவும் மின்னஞ்சல் பார்க்கவும் எத்தனை தாய்மார் அங்கே வரிசையில் காத்திருந்தனர்! அங்கே ஓர் இணைப்புப் பல கணினிகளுக்குப் பங்கிடப்பட்டது. ஆனால் பங்கிட்டவர் கடை முதலாளி. யார் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், எழுந்து போனபின் கணினியில் எதை விட்டுச் சென்றார் என்பதையெல்லாம் அவர் கவனித்துக்கொண்டார். இப்போது அந்தக் கடை நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. முதலாளி வேலையும் நம் தலையிலேயே விழுந்திருக்கிறது. அதை அறியாமலே அநேகர் இருக்கிறார்கள்.

சரி, முதலாளி செய்யவேண்டியவை யாவை? என் மருமகன் அன்று மாலை செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இவற்றுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. ஒரு மணி நேரமே பிடித்தது.

முதலாவது, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல். இது வைபைக் கடவுச்சொல்லினின்றும் வேறானது. ரவுட்டரின் அமைப்பையே மாற்றும் அதிகாரம் கொண்டது. பல ரவுட்டர்களில், தொழிற்சாலையில் இட்ட எளிய சொல்லே பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் கிடக்கும். எங்கள் ரவுட்டரிலும் அப்படியே கிடந்தது. இதன் அபாயத்தை உலகம் 2016ஆம் ஆண்டில் கண்டது. ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபதளவைக் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கண்காணிப்புக் கமராக்களையும் ரவுட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி அப்படை ஏவப்பட்டபோது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல, மணிக்கணக்காக மக்களுக்குக் கிடைக்காமற் போயின. அக்கமராக்களின் சொந்தக்காரர்களுக்கோ, தம் வீட்டுப் பொருள் அப்போரில் பங்குகொண்டதே தெரியாது. ஆகவே இதை முதலில் மாற்றவேண்டும். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் அதையும் மூடிவிட வேண்டும்.

இரண்டாவது, வைபைப் பூட்டின் வகை. கம்பியில்லா இணைப்பின் ஒலியற்ற அலைகள் சுவரைக் கடந்து செல்வன. ஆதலால் அவற்றை மறைகுறியாக மாற்றியே அனுப்பவேண்டும். 1997இல் வந்த முதற் பூட்டு டபிள்யூ.ஈ.பி. எனப்பட்டது. 2001இல் ஆய்வாளர் மூவர் அதன் அடிப்படைப் பலவீனத்தைக் காட்டினர். விரைவில் அதைச் சாதாரண மடிக்கணினியாலேயே உடைக்கலாம் என்றாயிற்று. 2004இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது. 2017இல் பெல்ஜிய ஆய்வாளர் மத்தி வான்ஹூஃப் அதிலும் ஒரு குறையைக் கண்டறிந்தார். அதற்குத் திருத்த மென்பொருள்கள் வெளியிடப்பட்டன. 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 அறிமுகமாயிற்று. உங்கள் ரவுட்டரில் மூன்று இருந்தால் மூன்றையும், இல்லையேல் இரண்டையும் தெரிவு செய்க. பழைய தொலைபேசி ஏதேனும் மூன்றில் இணைய மறுத்தால், இரண்டும் மூன்றும் கலந்த முறையை வைக்கலாம். டபிள்யூ.ஈ.பி. மட்டுமே உள்ள பழைய ரவுட்டரை வணங்கி விடைகொடுத்து அனுப்பிவிடுக. பொத்தானை அழுத்தியும் எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தும் இணையும் டபிள்யூ.பி.எஸ். என்னும் குறுக்கு வழியையும் மூடுக. அந்த எட்டு இலக்க முறையை மணிக்கணக்கில் உடைக்கலாம் என்பது 2011இலேயே வெளியாகிவிட்டது.

மூன்றாவது, கடவுச்சொல். குறைந்தது எட்டு எழுத்துக்கள் என்பது விதி. ஆனால் எட்டு போதாது. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் ஒழுங்கையிலுள்ள அனைவரும் அறிந்தவை. ஒன்றோடொன்று தொடர்பற்ற நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துக்களில் தொடர்ந்து எழுதினால், நினைவில் நிற்கும், ஊகிக்கவும் கடினம். முருங்கை, குடை, ஏணி, புகையிரதம் என்பது போல. இதையே எடுத்து எழுதிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒழுங்கையில் எல்லோரும் வாசிக்கிறார்கள்.

நான்காவது, எங்கள் வீட்டுக் கேள்விக்கு விடையளித்தது: விருந்தினர் வலையமைப்பு. இக்காலத்து ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் இவ்வசதி உண்டு. ஒரே ரவுட்டர் இரண்டு பெயர்களில் அலைபரப்பும். ஒன்று வீட்டாருக்கு, மற்றொன்று விருந்தினருக்கு. விருந்தினர் பக்கத்தில் இணைபவர் நேராக இணையத்துக்குப் போகலாம். வீட்டுக் கணினியையும் அச்சுப்பொறியையும் காணமாட்டார். நம் பழைய வீடுகளிலே வெளித்திண்ணை இருந்ததல்லவா? வழிப்போக்கர் அமரலாம், தண்ணீர் அருந்தலாம், இளைப்பாறலாம். ஆனால் உள்வீட்டுக் கதவு வேறு. அதே முறைதான் இது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். விருந்தினருக்கும் கடவுச்சொல் வேண்டும்; பூட்டின்றி விடலாகாது. மேலும், “விருந்தினர் உள் வலையமைப்பை அணுக அனுமதி” என்ற பொருளில் ஒரு தெரிவு சில ரவுட்டர்களில் இருக்கும். அது மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. அது திறந்திருந்தால் திண்ணை வைத்ததனால் பயனில்லை. சில ரவுட்டர்களில் விருந்தினர் பக்கத்துக்கு வேகத்தையும் நேரத்தையும் வரையறுக்கவும் இயலும். எங்கள் வீட்டில் அவ்வரையறையையும் இட்டோம். கற்கும் பிள்ளைக்குப் போதிய வேகம் உண்டு. திரைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்குவோருக்குப் போதாது.

ஐந்தாவது, திறந்து கிடந்த கோப்புறையை மூடினோம். உறுதி, அடையாள அட்டை முதலியவற்றின் பிரதிகளைக் கடவுச்சொல் இட்ட ஓர் இடத்தில் வைத்து, பகிர்தலை நிறுத்தினோம். கணினி “இது பொது இடமா, வீடா?” என்ற பொருளில் கேட்கும்போது, விருந்தினர் வலையமைப்பிலும் வெளியிடங்களிலும் “பொது” என்றே விடையளிக்க வேண்டும்.

ஆறாவது, ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளைப் புதுப்பித்தோம். ரவுட்டரும் ஒரு சிறு கணினியே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 2018ஆம் ஆண்டில், 54 நாடுகளில் குறைந்தது ஐந்து இலட்சம் ரவுட்டர்களும் சேமிப்புச் சாதனங்களும் ஒரு தீநிரலுக்கு இரையாகியிருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுக.

வாசகருள் சிலர், “வலையமைப்பின் பெயரை மறைத்து வைத்தாற் போதாதா? சாதனங்களின் எண்களைப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் அனுமதித்தாற் போதாதா?” என்று வினவலாம். போதா. மறைத்த பெயரைக் கண்டுபிடிக்கும் செயலிகள் தாராளமாக உள்ளன. சாதன எண்ணையும் எளிதில் மாற்றிக்கொள்ளலாம். இக்காலத்துத் தொலைபேசிகள் சொந்தக்காரரின் அந்தரங்கம் கருதித் தாமாகவே ஒவ்வொரு வலையமைப்புக்கும் வேறு எண்ணைக் காட்டுகின்றன. இவை நாதாங்கி, பூட்டாகா.

மற்றொரு நுட்பத்தையும் மாணவ வாசகர்களுக்காகச் சொல்லவேண்டும். டபிள்யூ.பி.ஏ.2 முறையிலே ஒரே கடவுச்சொல்லை அறிந்த இன்னொருவர், உங்கள் சாதனம் இணையும் கணத்திலே பரிமாறப்படும் செய்திகளைக் கவர்ந்துகொண்டால், அதன்பின் உங்கள் சாதனம் அலைவழி அனுப்புவதன் மறைகுறியை நீக்கிப் பார்க்க முடியும். வங்கித் தளங்கள் முதலியன தமக்கென இன்னொரு பூட்டை இட்டுக்கொள்வதால் உள்ளடக்கம் பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது; ஆயினும் எத்தளத்துக்குச் சென்றீர்கள் என்பது தெரியவரலாம். டபிள்யூ.பி.ஏ.3 முறை இக்குறையை நீக்குகிறது. வீட்டாரின் கடவுச்சொல்லும் விருந்தினரின் கடவுச்சொல்லும் வெவ்வேறாக இருக்கவேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாம் முடிந்தபின் எஞ்சியது மிகக் கடினமான வேலை. அடுத்த வீட்டாரிடம் சொல்லவேண்டும். பழைய கடவுச்சொல் இனி இயங்காது. அதைக் கேட்டுப் பிள்ளையின் மனம் நோகலாம், தந்தை அவமானமாகக் கருதலாம். நல்ல அயலவர் கிடைப்பது அரிது. நான் அன்றிரவே சென்றேன். தையற்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார்.

“நானா, எங்கள் இணைப்பில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். பிள்ளைக்கென்று தனியாக ஒரு வழி வைத்திருக்கிறேன். இது புதிய கடவுச்சொல். இதைப் பிள்ளை மட்டும் உபயோகிக்கட்டும்,” என்றேன். பதினேழு பெயர்களின் கதையையும், கோப்புறையின் கதையையும் ஒளிக்காமற் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “ஐயா, எனக்கு இந்த வெளக்கமெல்லாம் தெரியாது. ஆனா கடைச் சாவிய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். கஸ்டமர் துணியெல்லாம் உள்ளுக்கு இருக்கு. அது மாதிரிதானே?” என்றார்.

அது மாதிரிதான். நான் இத்தனை பத்திகளில் எழுதியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிள்ளை கண்கலங்கி, “மாமா, நான்தான் மச்சானுக்குக் குடுத்தேன். அவன் வேற ஆளுக்குக் குடுப்பான்னு தெரியாது,” என்றாள். குற்றம் அவளுடையதன்று, திண்ணை கட்டாமல் உள்வீட்டுச் சாவியைக் கொடுத்த நாங்களே அதற்குப் பொறுப்பு.

விருந்தினர் கடவுச்சொல்லை ஒவ்வொரு பாடசாலைத் தவணையின் தொடக்கத்திலும் மாற்றுவதென்றும், மாற்றியதும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதென்றும் தீர்மானித்திருக்கிறோம். கொடுத்த சாவியைத் திரும்பப் பெறுவதற்கு இத்துறையில் வேறு வழியில்லை, பூட்டைத்தான் மாற்றவேண்டும். அதை ஒரு வழக்கமாக்கிவிட்டால் எவர் மனமும் நோகாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். விருந்தினர் பக்கமும் வெளியே செல்வது நம் வீதி இலக்கத்தோடுதான். ஆகவே யாருக்குக் கொடுத்தோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே பகிர்வதை உங்கள் சேவை நிறுவனத்தின் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதையும் வாசித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ஏதேனும் மோசடி நேர்ந்துவிட்டதாகச் சந்தேகித்தால், 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ‘இலங்கை சேர்ட்’ என்னும் அமைப்புக்கு முறையிடலாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதிய உணவுக்குப் பின்னர் வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரவுட்டரின் முன்னே அமருங்கள். இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயரையும் “இது யாருடையது?” என்று கேளுங்கள். விடை தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும், மேலே சொன்னவற்றைத் தொடங்குவதற்கு அதுவே நல்வேளை. பூட்டை மாற்றியபின், உங்கள் ஒழுங்கையில் இணையமின்றிப் படிக்கும் பிள்ளை யாரேனும் உண்டா என்றும் விசாரியுங்கள். திண்ணையில் இடமிருக்கிறதல்லவா?

எங்கள் அச்சுப்பொறி இப்போது தானாக உயிர்பெறுவதில்லை. ஆயினும் வாரத்துக்கு ஒருமுறை அடுத்த வீட்டுப் பிள்ளை கதவைத் தட்டி, “மாமி, ஒரு பேப்பர் அடிச்சுத் தருவீங்களா?” என்று கேட்கிறாள். என் மனைவி அடித்துக் கொடுக்கிறாள்.